பனிவெளியிற் படம்பிடித்தல்

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புவோனை நம் நாட்டார் பேதை என்பர். வெளுத்ததெல்லாம் சாம்பல் என்று நம்பும் பேதை ஒன்றும் உலகில் உண்டு. அதுவே காமிரா என்னும் யந்திரம். எத்துணை விலையுயர்ந்ததாயினும், எத்துணை நுண்ணிய கணிப்பொறியைத் தன்னகத்தே கொண்டதாயினும், பனி மூடிய வெளியைக் கண்டவுடன் அது திகைத்துவிடுகிறது. தூய வெண்மையை மங்கிய சாம்பல் நிறமாகத் தீட்டிக் கொடுத்துவிட்டுத் தன் கடமை முடிந்ததென வாளாவிருக்கிறது.

நல்ல காமிரா ஒன்று கையிலிருந்தாற் போதும், இயற்கையின் எக்காட்சியையும் உள்ளது உள்ளபடியே பிடித்துவிடலாம் என்னும் எண்ணம் இக்காலத்து மாணவர் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. கைப்பேசியிலேயே காமிரா அமைந்துவிட்ட இந்நாளில் அவ்வெண்ணம் மேலும் வலுப்பெற்றிருப்பதில் வியப்பில்லை. அதன் உண்மையைச் சோதித்தற்குப் பனிக்காலத்து வனவிலங்குகளைப் படம்பிடிக்குந் தொழிலினும் ஏற்ற பரீட்சை வேறில்லை என்பது நமது கருத்து. அங்கே படம்பிடிப்போன் இரண்டு அளவுகளை அறிந்திருத்தல் வேண்டும். ஒன்று ஒளியின் அளவு. மற்றொன்று தொலைவின் அளவு. முன்னதை யந்திரம் தவறாகச் சொல்லும்; பின்னதை அது சொல்லவே சொல்லாது. இரண்டையும் தீர்மானிக்க வேண்டியவன் மனிதனே. முன்னதிற் பிழைத்தால் ஒரு படம் கெடும்; பின்னதிற் பிழைத்தால் ஓர் உயிர் கெடவுங் கூடும். இவ்வேற்றுமையை வற்புறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலாவதாக, யந்திரம் ஏன் தவறுகிறது என்பதை ஆராய்வோம். காமிராவினுள் ஒளியளவி என்னும் உறுப்பு ஒன்றுண்டு. ஒரு பொருளின் மீது எவ்வளவு ஒளி விழுகிறது என்பதை அது அறியாது. அப்பொருளினின்று எவ்வளவு ஒளி திரும்பி வருகிறது என்பதை மட்டுமே அறியும். வந்த ஒளி அதிகமாயின், அதற்குக் காரணம் வெயிலின் மிகுதியா, பொருளின் வெண்மையா என்று பகுத்தறியும் ஆற்றல் அதற்கு இயல்பாக இல்லை. ஆகவே அதனை அமைத்தோர் ஒரு சராசரியைக் கற்பித்து வைத்தனர். மரமும் மண்ணும் புல்லும் கல்லும் மனித முகமும் கலந்த சாதாரணக் காட்சி ஒன்று, தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் என்பதே நெடுங்காலமாகப் படக்கலைஞர் கைக்கொண்டுவரும் கணக்கு. ஒளியளவி காணும் யாவற்றையும் அந்த நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவர முயல்கிறது.

புதிதாய்ப் பெய்த பனியோ தன்மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 சதவீதம் வரை திருப்பி அனுப்ப வல்லது. யந்திரம் எதிர்பார்ப்பதினும் இது நான்கு ஐந்து மடங்கு அதிகம். அதனைக் கண்ட ஒளியளவி ஒளி மிகுந்துவிட்டதென அஞ்சி, உள்ளே புகும் ஒளியைக் குறைத்துவிடுகிறது. அதன் பயனாகப் பனி அழுக்கேறிய துணி போலாகிறது. பனியின் மேல் நிற்கும் காட்டெருமையோ மானோ கண்ணும் மயிரும் தெரியாத கருநிழலாய்ப் போய்விடுகிறது. பனியையே கண்டிராத நம் மாணவர்க்கும் இதனை விளங்கிக்கொள்ளுதல் அரிதன்று. தூத்துக்குடி உப்பளங்களில் உச்சிவெயிலில் உப்புக் குவியலைப் படமெடுத்துப் பார்ப்போர்க்கும் இதே அனுபவம் வாய்க்கும். கண் கூசும் வெள்ளுப்பு, படத்திற் சாம்பற் குவியலாய்த் தோன்றும். காரணம் இரண்டிடத்தும் ஒன்றே.

காட்சிகளை இனம்பிரித்தறியும் புதிய காமிராக்கள் இக்குறையை ஓரளவு குறைத்துள்ளன என்பது மெய்யே. ஆயினும் வெண்மையே படமுழுதும் நிறைந்து நிற்கும்போது அவையும் பெரும்பாலும் பழைய அச்சத்துக்கே திரும்புகின்றன. நோய்க்கு மருந்து எளிது: யந்திரம் குறைத்த ஒளியை மனிதன் கூட்ட வேண்டும். ஒளியை இரட்டிப்பாக்குவதைப் படக்கலைஞர் ஒரு ஸ்டாப் என வழங்குவர். வெயில் எறிக்கும் பனியில் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை கூட்டுதல் வழக்கம். கணக்கின்படி இரண்டுக்குச் சற்று மேலும் கூட்டலாமெனத் தோன்றும். ஆனால் அவ்வாறு செய்தாற் பனியின் மேலுள்ள நுண்ணிய மணிகளும், காற்று வரைந்த வரிகளும், விலங்கின் அடிச்சுவடுகளும் அழிந்து, வெறுங்காகிதம் போன்ற வெண்மை எஞ்சும். பனியை வெண்மையாக்கல் வேண்டும்; வெறுமையாக்கலாகாது. ஹிஸ்டோகிராம் என்னும் ஒளிப்பரவற் படத்தைப் பார்த்து, அதன் குவியல் வலது ஓரத்தை அணுகியும் அவ்வோரத்தில் முட்டிக்கொள்ளாமலும் நிற்கும்படி செய்வதே தக்க முறை.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. பறவை ஒன்று பனிவெளியினின்று எழுந்து கருமையான ஊசியிலைக் காட்டின் முன்னே பறந்து செல்கிறது என்று கொள்வோம். யந்திரத்தின் விருப்பப்படி விட்டால், பின்னணி மாறுந்தோறும் அது தன் அளவையும் மாற்றிக்கொண்டே போகும். ஆனால் பறவையின் மேல் விழும் வெயில் அணுவளவும் மாறவில்லை. ஆதலின் ஒளியளவை ஒருமுறை ஆய்ந்து தீர்மானித்துக் கையாலேயே நிறுத்திவிடுவது நன்று. ஒளியளவி இல்லாத நாளில் முன்னோர் செய்ததும் அதுவே. முகிலற்ற வெயிலில் துவாரம் எஃப் 16, ஐ.எஸ்.ஓ. எண் 400 ஆயின் ஒரு நொடியில் 400-இல் ஒரு பங்கு நேரம். பனியிலும் வெண்மணலிலும் துவாரம் எஃப் 22 என்று அவர்கள் வாய்பாடாகவே கற்றிருந்தனர். பொருளிலிருந்து திரும்பும் ஒளியை விட்டுப் பொருளின் மேல் விழும் ஒளியையே ஆதாரமாகக் கொண்ட அவ்வாய்பாடு, தொடங்குமிடமாக இன்றும் பயன்படும்.

எல்லாப் பிழையையும் பின்னர்க் கணிப்பொறியில் திருத்திக்கொள்ளலாமே என்று வினவுவார் உளர். அவர்க்கு நாம் கூறும் விடை இது. இருண்டுபோன பகுதியை ஓரளவு வெளிச்சமாக்கலாம்; ஆனால் நிழலைத் தூக்குந்தோறும் மணல் தூவினாற்போன்ற இரைச்சற் புள்ளிகள் மேலெழும். அளவுக்கு மேல் ஒளியேறி வெளுத்துப்போன இடத்திலோ திருத்துவதற்கு ஒன்றுமே இராது. எழுதப்படாத எழுத்தை எவ்வாறு திருத்துவது? அன்றியும், பின்னர்த் திருத்தலாம் என்னும் துணிவு கண்ணைச் சோம்பேறியாக்குகிறது. பனியின் மேல் விழும் நிழல் நீல நிறமுடையது என்பதைப் பலர் கண்டும் காண்பதில்லை. வெயில் படாத அவ்விடத்துக்கு ஒளி தருவது நீலவானமே; ஆகையால் நிழலும் நீலமாகிறது. அந்நீலம் முழுவதையும் பிழையெனக் கருதித் துடைத்துவிடுவோர் குளிரையே படத்தினின்றும் துடைத்துவிடுகின்றனர்.

இவ்வளவையும் ஒருங்கே கற்பிக்க வல்ல ஆசிரியர் ஒருவரைக் காட்டுவோம். ஜப்பான் நாட்டின் வடகோடியிலுள்ள ஹொக்கைடோ தீவில், குஷிரோ என்னும் பெருஞ் சதுப்பு நிலத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் வாழிடமாகக் கொண்ட செம்முடிக் கொக்கே அவ்வாசிரியர். ஜப்பானியர் இதனை டஞ்சோ என்பர். கொக்கென்றதும் நம் வயல்களில் நிற்கும் சிறு பறவையை எண்ணவேண்டா. இது நிமிர்ந்து நின்றால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரமுடையது. உடல் தூய வெண்மை. கழுத்தும் சிறகின் பின்னிறகுகளும் கருமை. உச்சியில் இறகின்றிச் சிவந்த தோல். வெண்பனியின் மேல் வெண்பறவை. அவ்வெண்பறவையின் மேற் கருமை. அதன் முடியிற் செம்மை. ஒளியைக் குறைத்தால் கருங்கழுத்தின் இறகுகள் ஒன்றாய்க் கலந்து மறையும். கூட்டினால் முதுகின் வெள்ளிறகுகள் பனியோடு பனியாய்க் கரையும். இரண்டையும் காத்து, இரண்டுக்கும் இடையே சிவப்பையும் தன் நிறத்தில் நிறுத்தினவனே தேறினவனாவான்.

பனி இடர் மட்டும் செய்வதன்று. அது வேறெங்கும் கிடையாத உதவியும் செய்கிறது. நம் நாட்டு நண்பகலில் மேலிருந்து விழும் வெயில், பறவையின் வயிற்றையும் கண்ணையும் நிழலில் ஆழ்த்திவிடும். பனிவெளியிலோ ஒளி நிலத்தினின்றும் மேலெழும்பிச் சிறகின் கீழ்ப்புறத்தையும் ஒளிரச் செய்கிறது. குஷிரோ ஏறக்குறைய 43-ஆம் வட அட்சரேகையில் உள்ளதால், டிசம்பர்க் கடைசியில் அங்கே உச்சிப்பொழுதிலும் சூரியன் அடிவானத்துக்கு மேல் 24 பாகையளவு கூட உயர்வதில்லை. ஆகவே நம் நாட்டில் காலையிலும் மாலையிலும் மட்டும் கிடைக்கும் சாய்ந்த வெயில் அங்கே பகல் முழுதும் கிடைக்கிறது. கடுங்குளிர்க் காலையில், கூவும் கொக்கின் மூச்சு ஆவியாய் எழுவதைச் சூரியனை எதிர்நோக்கி நின்று படமெடுப்போர், ஒலியையே கண்ணுக்குக் காட்டிவிடுகின்றனர்.

இக்கொக்கின் வரலாற்றையும் ஈண்டுச் சொல்லுதல் வேண்டும். ஏனெனில் அஃது அறியாதவன் எடுக்கும் படம் பாதிப் படமே. வேட்டையாலும், சதுப்பு நிலங்கள் விளைநிலங்களாக மாற்றப்பட்டமையாலும், இப்பறவை ஜப்பானில் அற்றுப்போயிற்று என்றே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருதப்பட்டது. 1924-ஆம் ஆண்டிற் குஷிரோச் சதுப்பில் சிறு கூட்டம் ஒன்று உயிரோடிருத்தல் கண்டறியப்பட்டது. 1952-இல் எடுத்த கணக்கில் 33 பறவைகளே இருந்தன. அவ்வாண்டே அரசாங்கம் இதனைச் சிறப்பு இயற்கைச் சின்னமாக அறிவித்தது. 1950-களின் தொடக்கத்தில், கடும்பனியால் உணவின்றித் தவித்த கொக்குகட்கு அப்பகுதி உழவர்கள் மக்காச்சோளம் இட்டுக் காத்தனர். அத்தகைய சிற்றூர்களில் ஒன்றுக்கு ட்சுருயி என்று பெயர். கொக்கு இருக்குமிடம் என்பது அதன் பொருள். 1987-இல் ஜப்பான் காட்டுப்பறவைச் சங்கத்தார் அவ்வூரில் ஒரு சரணாலயம் திறந்தனர். இன்று ஹொக்கைடோவில் இவற்றின் தொகை ஆயிரத்தைக் கடந்துவிட்டது. ஏழை உழவரின் சோளமணியில் தொடங்கிய காரியம் இது என்பதைப் படம்பிடிக்கச் செல்வோர் மறத்தலாகாது.

பனிநாட்டில் மனிதர்க்கு நேரும் சிரமங்களைச் சுருக்கமாகச் சொல்லி மேற்செல்வோம். குளிரில் மின்கலம் விரைவிற் சோர்ந்துபோகும். மாற்று மின்கலத்தை உட்சட்டைப் பையில் உடற்சூட்டில் வைத்திருத்தல் வேண்டும். குளிர்ந்த காமிராவைத் திடீரென வெப்பமான அறைக்குள் கொண்டுவந்தால் அதன் மேல் நீர்த்துளி படியும். வெளியிலேயே காற்றுப் புகாத பையிலிட்டு மூடிக் கொண்டுவந்து, அறையின் சூட்டை அது அடைந்த பின்னரே திறத்தல் நன்று. புதுப்பனி புறவூதாக் கதிர்களையும் மிகுதியாய்த் திருப்புவதால் கண் புண்படும், கருங்கண்ணாடி இன்றியமையாதது. இவையெல்லாம் மனிதன் தானே விரும்பி மேற்கொள்ளும் இடர்கள். மாலையானதும் அவன் கணப்பருகே அமர்ந்து சூடான தேநீர் அருந்தலாம். அவன் படத்திலுள்ள விலங்குக்கு அவ்வசதி இல்லை. இங்கேதான் நாம் முன்னர்க் கூறிய இரண்டாம் அளவு தொடங்குகிறது.

குளிர்காலம் விலங்குகட்கு வரவு குறைந்து செலவு மிகுந்த காலம். உண்ணப் புல் இல்லை. உள்ளதும் பனிக்கடியில் இருக்கிறது. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் சேர்த்த கொழுப்பே கையிருப்பு. வட அமெரிக்காவின் கருங்குல்லாய்ச் சிட்டு என்னும் சிறு பறவை, குளிர்ந்த ஓர் இரவைக் கழிப்பதற்குள் தன் எடையிற் பத்திலொரு பங்கு வரை இழந்துவிடுகிறது. மான் ஆழ்ந்த பனியிற் பாய்ந்தோடச் செலவிடும் பலம், வெறுநிலத்தில் ஓடுவதினும் பன்மடங்கு. ஆகையால் நாம் ஒரு நல்ல படத்துக்காகப் பத்தடி முன்வைக்க, அது நூறடி ஓடுமாயின், அவ்வோட்டத்தின் விலையை வசந்தம் வருமுன் அது எங்கேனும் செலுத்தியே தீரவேண்டும். அந்த விலை நம் படத்திற் பதிவதில்லை.

ஆல்ப்ஸ் மலையில் வாழும் கருங்காட்டுக்கோழி பனியைக் குடைந்து அதனுள் ஒடுங்கிக் குளிரைத் தப்புகிறது. சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர் 2007-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பனிச்சறுக்குவோரைப் போல் அப்பறவைகளைக் குழியினின்றும் எழுப்பிவிட்டு, பின்னர் அவற்றின் எச்சத்தைச் சோதித்தபோது, உடலின் கலக்கத்தைக் காட்டும் ஹார்மோனின் அளவு உயர்ந்திருத்தலைக் கண்டனர். பறந்துபோன பறவை மரத்தில் அமைதியாய் அமர்ந்திருப்பதுபோல் நமக்குத் தோன்றலாம். அதன் உடல் வேறு கதை சொல்லுகிறது.

முற்காலத்துப் படக்கலைஞர்க்கும் இக்காலத்தார்க்கும் உள்ள வேற்றுமை இங்கே நோக்கத்தக்கது. ஸ்காட் தலைவரின் தென்துருவப் பயணத்தில் 1910-ஆம் ஆண்டு உடன்சென்ற ஹெர்பர்ட் பான்டிங் என்பார், கனத்த காமிராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்து சென்று, பெங்குவின்களையும் சீல்களையும் படமெடுத்தவர். 1911 ஜனவரியில், கொலைத்திமிங்கிலங்களைப் படம்பிடிக்கப் பனிப்பாறையின் ஓரத்துக்கு அவர் விரைந்தபோது, அவை கீழிருந்து மோதி அவர் நின்ற பனித்தளத்தையே பிளந்துவிட்டன. துண்டுக்குத் துண்டு தாவி அவர் உயிர்தப்பினார். அன்று நெருங்குவதன் அபாயம் நெருங்கியவர் தலையிலேயே விழுந்தது. இன்று நாம் காரிலும் பனிவண்டியிலும் சென்று, முழத்துக்கு முழம் நீண்ட லென்ஸைத் தூக்கி நிற்கிறோம். அபாயம் நம்மை விட்டு நீங்கிற்று, ஆயினும் அழிந்துபோகவில்லை. பெரும்பாலும் அது விலங்கின் பக்கம் பெயர்ந்துவிட்டது. தன் தலைக்கு வரும் அபாயத்தைத் துணிபவனை வீரன் எனலாம். பிறிதோர் உயிரின் தலைக்கு வரும் அபாயத்தைத் துணிபவனுக்கு அப்பெயர் பொருந்தாது.

இதனை உணர்ந்தே அரசாங்கங்கள் தொலைவுக்கு எண்ணளவு விதித்திருக்கின்றன. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிற் கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கஜத்துக்குள் செல்லலாகாது. காட்டெருமை, மான் முதலிய ஏனையவற்றுக்கு 25 கஜம். நார்வே நாட்டைச் சேர்ந்த ஸ்வால்பார்டு தீவுகளிற் பனிக்கரடிக்கு 300 மீட்டர் விலகி நிற்கவேண்டும் என்று 2025 ஜனவரி 1 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை அத்தொலைவு 500 மீட்டர். இவற்றைக் குறித்து முணுமுணுக்கும் படக்கலைஞர் உளர். நமது அபிப்பிராயத்தில் இவ்வெண்கள் அரணேயன்றி விலங்கல்ல. ஆனால் எண் ஒன்றே போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 25 கஜத்துக்கு அப்பாலும் ஒரு மான் மேய்ச்சலை விட்டுத் தலை நிமிர்ந்து செவி குவித்து நம்மையே நோக்குமாயின், நாம் எல்லையைக் கடந்துவிட்டோம் என்பதே அதன் பொருள். ஒளிக்கு ஹிஸ்டோகிராம் எப்படியோ, தொலைவுக்கு விலங்கின் செவியும் கண்ணும் அப்படி. அவற்றைப் படிக்கக் கற்பதும் படக்கலையின் பாடமே.

ட்சுருயி ஊரில் இவ்வொழுக்கத்தை ஒரு பாலம் கற்பிக்கிறது. செட்சுரி என்னும் ஆறு கடுங்குளிரிலும் முற்றும் உறைவதில்லை. கொக்குகள் அதன் ஆழமற்ற நீரில் நின்றே இரவைக் கழிக்கின்றன. வெப்பநிலை சுழிக்குக் கீழ் 20 பாகைக்கும் தாழும் விடியற்காலைகளில், ஆற்றினின்று ஆவி எழ, கரைமரங்கள் யாவும் உறைபனி பூத்து நிற்க, ஒட்டோவா என்னும் பாலத்தின் மேல் பற்பல நாட்டுப் படக்கலைஞர் தோளோடு தோள் நெருங்கிக் காத்திருப்பர். பாலத்தை விட்டுக் கரையிலிறங்கி ஆற்றோரமாய் நடந்தால் பறவைகள் படத்தில் இன்னும் பெரியனவாய்த் தோன்றும் என்பதை அங்கே அறியாதவர் இல்லை. ஆயினும் பாலத்தின் கைப்பிடிச்சுவரே எல்லையாகிறது. உலகம் போற்றும் கொக்குப் படங்கள் பல, அவ்வெல்லைக்கு இப்பால் நின்று எடுத்தவையே. தொலைவு கலைக்குத் தடையென்பாரை அப்பாலத்துக்கு அனுப்புதல் வேண்டும். தொலைவிலிருந்து எடுத்தமையாலன்றோ ஆறும் ஆவியும் மரமும் படத்துட் புகுந்து, பறவை தன் வீட்டில் நிற்கக் காண்கிறோம்!

இனி, உணவிட்டு வரவழைத்தலைப் பற்றிச் சிறிது கூறுவோம். கொக்குக்குச் சோளம் இட்டது அறமாயின், நாங்கள் ஆந்தைக்கு எலி விடுவது மட்டும் எவ்வாறு குற்றமாகும் என்று வாதிப்பார் உண்டு. பனியாந்தைகள் வடதுருவப் பகுதியினின்று தெற்கு நோக்கிப் பெருவாரியாக வரும் குளிர்காலங்கள் உண்டு, 2013-14 அத்தகையது. அவ்வாந்தை சிறகு விரித்துத் தன் லென்ஸை நோக்கிப் பாய்ந்து வரும் படத்தை விரும்பிக் கடையில் வாங்கிய எலியைப் பனியில் விட்டெறியும் வழக்கம் வட அமெரிக்காவிற் சிலரிடம் உண்டு. உழவரின் சோளம் பறவையின் பசியை நோக்கி இடப்பட்டது. எலியோ படத்தை நோக்கி இடப்படுவது. முன்னது இல்லையேல் பறவை மடிந்திருக்கும். பின்னது இல்லையேல் ஒரு படம் மட்டுமே இல்லாதிருக்கும். மேலும் மனிதனைக் கண்டால் இரை கிட்டும் எனக் கற்றுக்கொண்ட ஆந்தை, சாலையோரங்களை நாடி வண்டியில் அடிபடவும் கூடும். இரக்கத்தால் இடும் உணவும் எக்காலத்துக்கும் நன்மையே தருவதன்று. ஓரிடத்திற் பெருங்கூட்டம் சேர்ந்தால் தொற்றுநோய் பரவுமென்று அஞ்சி, கொக்குகட்கு இடும் உணவையே ஜப்பானிய அரசாங்கம் 2015 முதல் படிப்படியாகக் குறைத்து வந்திருக்கிறது. உயிரைக் காத்த கையே உரிய காலத்தில் ஒதுங்கவும் அறிந்திருக்கிறது. படத்துக்காக நீளும் கை இதனைக் கற்றல் வேண்டும்.

நான் ஒருவன் ஓரடி முன் வைத்தால் என்ன கெட்டுவிடும் என்பார்க்கு ஒரு சொல். பனிக்காலத்து விலங்கு தங்குமிடம் எங்கும் பரந்ததன்று. உறையாத ஆறும், காற்றடங்கிய பள்ளத்தாக்குமே அதன் புகலிடம். ஆகவே படக்கலைஞர் யாவரும் அங்கேயே வந்து சேர்கின்றனர். ஒவ்வொருவரும் ஓரடி என்று வைத்தாலும், அவ்விலங்கின் கணக்கில் அவை கூட்டுத்தொகையாகவே ஏறுகின்றன. இதற்கு மாறாக, இத்தகைய படமெடுத்தலையே தடுத்துவிட வேண்டுமென்பாரும் உளர். அவருடனும் நாம் உடன்படோம். கண்டறியாததை மனிதர் காக்க முற்படுவது அரிது. கடல்கடந்து வாழும் நாம் குஷிரோவின் கொக்குக்காக மகிழ்வதும் அதன் படத்தைக் கண்டதனாலன்றோ? வேண்டுவது தடையன்று, அளவறிதலே.

இவ்வளவுக்கும் மேலாக, இக்காலத்துக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. பனியில் ஆடும் கொக்கின் படத்தை, கொக்கும் பனியும் இன்றியே கணிப்பொறி இன்று நொடிப்பொழுதில் புனைந்து தருகிறது. அதில் வெண்மையும் பிழைப்பதில்லை, விரலும் விறைப்பதில்லை. அழகு ஒன்றே வேண்டுமெனின், படக்கலைஞன் இனி ஊருக்குப் போய்ச் சேரலாம். புனைவுப்படம் தரமுடியாததொன்றை மெய்ப்படம் தருகிறது. இவ்வுயிர் இவ்விடத்தில் இந்நாளில் தன் விருப்பப்படி இருந்தது என்னும் சாட்சியே அது. விரட்டியெடுத்த படமும், இரைகாட்டி எடுத்ததைச் சொல்லாமல் மறைத்த படமும் அச்சாட்சியைக் கெடுக்கின்றன. சாட்சி கெட்டபின் மெய்ப்படத்துக்கும் புனைவுப்படத்துக்கும் வேற்றுமை என்ன? ஆகவே, எங்கே, எப்பொழுது, எவ்வாறு எடுத்தது என்பதைப் படத்தின் கீழ் ஒளிவின்றி எழுதுவதும் படக்கலைஞனின் கடமையாகிறது.

நம் மாணவரிற் பெரும்பாலோர் ஹொக்கைடோவுக்கோ எல்லோஸ்டோனுக்கோ செல்லப்போவதில்லை என்பதை நாம் அறிவோம். ஆயினும் வெள்ளை உப்பின் மேலும், வெயிலில் மின்னும் மணலின் மேலும், வற்றிய ஏரியின் ஓரத்திலும் பறவைகள் நம் நாட்டிலும் நிற்கின்றன. அங்கே நம் இளைஞர் காமிராவைத் தூக்கும்போது, யந்திரம் காட்டும் எண்ணை அப்படியே நம்பாமல், விழும் ஒளி எவ்வளவு என்று தாமே ஆராய்வாராக. அவ்வாறே, இன்னும் எவ்வளவு நெருங்கலாம் என்று கால் அவாவும்போது, அதற்கு விடையைத் தம் ஆசையினிடம் கேளாமல் பறவையினிடமே கேட்பாராக. அது தலை தாழ்த்தி இரை தேடிக்கொண்டிருந்தால் நின்ற இடமே நல்லிடம். நிமிர்ந்து நோக்கினால், ஓரடி பின்வைப்பதே அன்றைய நாளில் அவர் எடுக்கக்கூடிய நல்ல முடிவாகும்.